தோற்றால் அதோடு சரி: அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தின் மார்ச் மாதம்

இடைவேளையில் ஸ்கோர் பலகை 21–21 என்று காட்டியது. 2018 மார்ச் 16, வெள்ளிக்கிழமை இரவு. இடம், அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் சார்லட் நகரின் ஸ்பெக்ட்ரம் சென்டர் அரங்கம். இந்தியாவில் அப்போது சனிக்கிழமை காலை. ஒரு பக்கம் வர்ஜீனியா பல்கலைக்கழகம்; அந்த ஆண்டு 31 ஆட்டங்களில் வென்று இரண்டில் மட்டுமே தோற்ற, நாட்டின் முதல்நிலை அணி. மறுபக்கம் பால்டிமோர் அருகே உள்ள மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தின் பால்டிமோர் கவுன்டி கிளை. சுருக்கமாக யுஎம்பிசி. கூடைப்பந்தைவிடச் சதுரங்க அணிக்காக அதிகம் அறியப்பட்ட கல்லூரி அது. அதே ஜனவரியில்தான் ஆல்பனி அணியிடம் 44 புள்ளி வித்தியாசத்தில் தோற்றிருந்தது.

இப்படிப்பட்ட இரண்டு அணிகள் மோதும் ஆட்டம் அதற்குமுன் 135 முறை நடந்திருந்தது. 135 முறையும் பெரிய அணிதான் வென்றது. ஒருமுறைகூட விதிவிலக்கு இல்லை.

அன்று யுஎம்பிசி வென்றது. அதுவும் 74–54 என்ற கணக்கில், 20 புள்ளி வித்தியாசத்தில்.

கூடைப்பந்தே பார்க்காதவருக்கும் அமெரிக்கக் கல்லூரிப் போட்டியைச் சொல்லிப் புரியவைக்க வேண்டுமென்றால் நான் எப்போதும் இந்த ஆட்டத்திலிருந்துதான் தொடங்குவேன். அந்தப் போட்டியின் விதிகள், அதன் கொடுமை, அதன் அழகு எல்லாமே இந்த ஓர் இரவுக்குள்ளும் அதற்கு அடுத்த ஆண்டுக்குள்ளும் அடங்கியிருக்கின்றன.

முதலில் ஆட்டத்தைப் பற்றிக் கொஞ்சம். கூடைப்பந்து 1891 டிசம்பரில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டில் பிறந்தது. அங்கிருந்த ஒய்எம்சிஏ பயிற்சிப் பள்ளியின் ஆசிரியர் ஜேம்ஸ் நெய்ஸ்மித், பனிக்காலத்தில் மாணவர்கள் உள்ளரங்கில் ஆட ஒரு விளையாட்டு வேண்டுமென்று, பீச் பழக் கூடைகள் இரண்டை மாடத்தின் கைப்பிடியில் அடித்து மாட்டிக் கால்பந்து ஒன்றை மாணவர்களிடம் கொடுத்தார். தரையிலிருந்து 10 அடி என்ற அந்த உயரம் இன்றுவரை மாறவில்லை. அந்த ஸ்பிரிங்ஃபீல்டில் படித்த ஹாரி க்ரோ பக் என்பவர்தான் 1920இல் சென்னையில் ஒய்எம்சிஏ உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கியவர். நந்தனத்தில் இன்றும் இருக்கும் அந்தக் கல்லூரிக்கும் கூடைப்பந்து பிறந்த உடற்பயிற்சிக் கூடத்துக்கும் இப்படி ஒரு நேரடி உறவு உண்டு.

கல்லூரி ஆட்டத்தில் ஒரு பக்கத்துக்கு ஐந்து பேர். ஆண்கள் ஆட்டம் 20 நிமிடங்கள் கொண்ட இரண்டு பாதிகள். தொழில்முறை லீகான என்பிஏவில் 48 நிமிடங்கள், இங்கே 40தான். சாதாரணக் கூடைக்கு இரண்டு புள்ளி, வளைகோட்டுக்கு வெளியிலிருந்து எறிந்தால் மூன்று, ஃபவுலுக்காகக் கிடைக்கும் ஃப்ரீ த்ரோவுக்கு ஒன்று. ஐந்து ஃபவுல் செய்த வீரர் வெளியே போய்விட வேண்டும். பந்து கையில் வந்த அணி 30 விநாடிக்குள் எறிந்தாக வேண்டும். இந்த 30 விநாடியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

அமெரிக்காவில் கல்லூரி விளையாட்டை நடத்துவது என்சிஏஏ என்ற சங்கம். அதன் முதல் பிரிவில் மட்டும் 350க்கும் மேற்பட்ட கூடைப்பந்து அணிகள் இருக்கின்றன. இத்தனை அணிகளும் ஒன்றோடொன்று ஆடி முடிக்க வழியே இல்லை. அதனால் அவை முப்பதுக்கும் சற்று மேற்பட்ட குழுக்களாகப் பிரிந்திருக்கின்றன. இந்தக் குழுவுக்குக் கான்ஃபரன்ஸ் என்று பெயர். பத்துப் பன்னிரண்டு அணிகள் சேர்ந்தது ஒரு கான்ஃபரன்ஸ். சிலவற்றில் கூடுதலாகவும் இருக்கும். நவம்பர் தொடங்கி மார்ச் வரை ஒரு கல்லூரி முப்பது ஆட்டங்களுக்கு மேல் ஆடும். அவற்றில் பெரும்பகுதி தன் கான்ஃபரன்ஸுக்குள்ளேயே.

கான்ஃபரன்ஸ்கள் எல்லாம் ஒரே உயரத்தில் இல்லை. வர்ஜீனியா ஆடுவது ஏசிசி எனப்படும் அட்லாண்டிக் கோஸ்ட் கான்ஃபரன்ஸில். டியூக், வட கரோலினா போன்ற பெரும்புள்ளிகள் அங்கேதான் இருக்கிறார்கள். பெரிய அரங்கம், தொலைக்காட்சி ஒப்பந்தம், நாடெங்கும் தேடிப் பிடித்து வரவழைத்த ஆட்டக்காரர்கள் என்று அது ஓர் உலகம். யுஎம்பிசி ஆடும் அமெரிக்கா ஈஸ்ட் வேறோர் உலகம். அங்கே பெரிய கல்லூரிகள் கண்டுகொள்ளாத ஆட்டக்காரர்களே மிகுதி.

மார்ச் தொடக்கத்தில் ஒவ்வொரு கான்ஃபரன்ஸும் தனக்குள் ஒரு சிறு போட்டி நடத்துகிறது. அதில் வென்ற அணிக்கு, அது எவ்வளவு சிறிய கல்லூரியாக இருந்தாலும், தேசியப் போட்டியில் இடம் உறுதி. சிறிய கான்ஃபரன்ஸ்களிலிருந்து பெரும்பாலும் இந்த ஓர் அணிதான் போகும். அதனால் நவம்பர் முதல் ஆடிய எல்லாமே கடைசியில் அந்த ஓர் இறுதி ஆட்டத்தில் வந்து நிற்கிறது. 2018இல் யுஎம்பிசி அந்த இறுதியாட்டத்தில் எதிர்கொண்டது வெர்மான்ட் அணியை. அதற்குமுன் தொடர்ந்து 23 முறை அந்த அணியிடம் தோற்றிருந்தார்கள். ஆட்டமோ வெர்மான்டின் சொந்த அரங்கில். 62–62 என்று நிற்க, கடைசி விநாடியில் ஜைரஸ் லைல்ஸ் என்ற இறுதியாண்டு வீரர் வளைகோட்டுக்கு வெளியிலிருந்து எறிந்த பந்து கூடைக்குள் விழுந்தது. அந்த வீச்சு தவறியிருந்தால் ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போயிருக்கும். சார்லட் இரவு நடக்காமலே போயிருக்கலாம்.

கான்ஃபரன்ஸ் வெற்றியாளர்கள் போக, மீதமுள்ள இடங்களை ஒரு தேர்வுக்குழு நிரப்புகிறது. மார்ச் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, தொலைக்காட்சியில் முழுப் பட்டியலும் அறிவிக்கப்படும். செலக்‌ஷன் சண்டே என்று அந்த நாளுக்கே பெயர். ஒவ்வொரு கல்லூரியிலும் ஆட்டக்காரர்கள் ஒரு கூடத்தில் தொலைக்காட்சி முன் உட்கார்ந்திருப்பார்கள். தங்கள் பெயர் வந்ததும் துள்ளிக் குதிப்பவர்களைக் காட்டுவார்கள். பெயர் வராமல் எழுந்து போகிறவர்களைக் காட்டுவது குறைவு.

தேர்வானவை 68 அணிகள். 1939இல் முதல் போட்டி நடந்தபோது எட்டு அணிகள்தான் ஆடின. ஆரிகன் அணி ஒஹாயோ ஸ்டேட் அணியை 46–33 என்று வென்றது. எட்டு பதினாறாகி, முப்பத்திரண்டாகி, 1985இல் அறுபத்துநான்கானது. போட்டி இன்றைய வடிவத்துக்கு வந்தது அந்த ஆண்டில்தான். பிறகு 2001இல் ஒன்றும் 2011இல் மூன்றும் கூடின. இந்தக் கூடுதல் அணிகளுக்காக ஒஹாயோவின் டேட்டனில் முதலில் நான்கு ஆட்டங்கள் நடக்கும். அவை முடிந்ததும் 64 அணிகள் நிற்கும். அங்கிருந்துதான் பெரிய ஆட்டம்.

64 அணிகளும் நான்கு வட்டாரங்களாக, வட்டாரத்துக்குப் பதினாறாகப் பிரிக்கப்படுகின்றன. ஒவ்வொரு வட்டாரத்திலும் அணிகளுக்கு 1 முதல் 16 வரை ஓர் எண் கொடுக்கப்படும். அங்கே இதைச் 'சீட்' என்பார்கள், விதை என்று பொருள்படும் சொல். நான் தர எண் என்றே எழுதுகிறேன். 1 என்றால் அந்த வட்டாரத்தின் பலமான அணி. 16 என்றால் கடைசி. முதல் சுற்றில் 1ஆம் எண் 16ஆம் எண்ணோடு மோதும், 2 15ஓடு, 3 14ஓடு. இரண்டு எண்களையும் கூட்டினால் எப்போதும் 17 வரும் என்பதை ஒருமுறை கவனித்துவிட்டால் அட்டவணை எளிதாகப் பிடிபட்டுவிடும். ஆண்டு முழுதும் நன்றாக ஆடியதற்கு, முதல் சுற்றில் எளிய எதிராளி கிடைப்பதுதான் பரிசு.

சார்லட்டில் வர்ஜீனியா 1, யுஎம்பிசி 16. அது மட்டுமல்ல, அந்த ஆண்டு நான்கு முதல் எண்களிலும் முதலாவதாக வைக்கப்பட்ட அணி வர்ஜீனியாதான்.

ஆட்டங்கள் எல்லாம் பொதுவான நகரங்களில் நடக்கும். எந்த அணிக்கும் சொந்த அரங்கம் கிடையாது. மூன்று வார இறுதிகள். முதல் வார இறுதி முடியும்போது 64 பேர் 16 ஆகிவிடுவார்கள். அதுவரை தாக்குப்பிடித்தவர்களுக்கு ஸ்வீட் சிக்ஸ்டீன் என்று பெயர். அடுத்தது எலீட் எய்ட். நான்கு வட்டாரங்களிலும் வென்ற நான்கு அணிகள் ஏப்ரல் தொடக்கத்தில் ஒரே நகரத்தில் கூடுவது ஃபைனல் ஃபோர். மொத்தம் ஆறு வெற்றி பெற்றால் கோப்பை. அந்த ஆறில் எது தவறினாலும் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்.

ஐபிஎல்லில் ஓர் அணி நான்கைந்து ஆட்டம் தோற்றாலும் புள்ளிப் பட்டியலில் மேலே வந்துவிடலாம். என்பிஏ பிளே-ஆஃபில் ஏழு ஆட்டங்களில் நான்கை வென்றால் போதும். ஒருநாள் சறுக்கினால் மறுநாள் சரிசெய்துகொள்ளலாம். இங்கே அந்த மறுநாள் கிடையாது. அதோடு, தோற்பவர்கள் மாணவர்கள். ஒருவர் பொதுவாக நான்கு பருவங்கள்தான் கல்லூரிக்காக ஆடலாம். இறுதியாண்டு மாணவர் ஒருவருக்கு அந்தத் தோல்வி, கல்லூரிச் சீருடையில் ஆடும் கடைசி ஆட்டம். அவர்களில் மிகப் பெரும்பாலோர் தொழில்முறை ஆட்டத்துக்குப் போவதில்லை. பஸர் ஒலித்தவுடன் சட்டையை முகத்தில் இழுத்து மூடிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் இருபத்திரண்டு வயதுப் பிள்ளைகளை ஒவ்வொரு மார்ச்சிலும் பார்க்கலாம். இத்தனை ஆண்டு பார்த்தும் எனக்கு அந்தக் காட்சி பழகவில்லை.

பலமான அணி ஏன் தோற்கிறது? அதிர்ஷ்டம் என்று சொல்லி நிறுத்திக்கொள்ள வேண்டியதில்லை. ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு பக்கம் சற்றுக் கனமான நாணயம் ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சுண்டினால் தலை விழும் வாய்ப்பு அதிகம். நூறு முறை சுண்டினால் தலையின் எண்ணிக்கை கூடுதலாக இருக்கும் என்று துணிந்து சொல்லலாம். ஐந்தே முறை சுண்டினால் சொல்ல முடியாது. மூன்று முறை பூ விழுந்துவிடலாம். கூடைப்பந்திலும் பலமான அணியின் பலம் தெரிய வேண்டுமானால் பந்து பல முறை கைமாற வேண்டும். வாய்ப்புகள் குறையக் குறைய, சிறிய அணிக்கு வழி திறக்கிறது.

இதற்கு முன்னுதாரணம் 1985இல் இருக்கிறது. அப்போது இந்தப் போட்டியில் எறிய வேண்டிய கால வரம்பே கிடையாது. பந்தை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் தங்களுக்குள் மாற்றிக்கொண்டே இருக்கலாம். வில்லனோவா அணி தர எண் 8. இறுதியாட்டத்தில் எதிரே, முந்தைய ஆண்டின் சாம்பியனான ஜார்ஜ்டவுன். வில்லனோவா அவசரப்படவே இல்லை. நல்ல வாய்ப்பு வரும்வரை பந்தைச் சுற்றவிட்டது. ஆட்டம் முழுவதும் 28 முறைதான் கூடையை நோக்கி எறிந்தார்கள். அதில் 22 உள்ளே போயின. 66–64. 8ஆம் எண்ணுக்குக் கீழே உள்ள எந்த அணியும் இதுவரை கோப்பையைத் தொட்டதில்லை. அடுத்த பருவமே 45 விநாடி வரம்பு வந்தது. பிறகு 35 ஆகி, 2015 முதல் 30. அதற்கடுத்த 1986–87 பருவத்தில் மூன்று புள்ளிக் கோடும் நாடு முழுவதற்கும் வந்துவிட்டது. சிறிய கல்லூரிகளுக்கு அதுதான் பெரிய கொடை. உயரமான ஆட்டக்காரர் கிடைப்பது அரிது. தூரத்திலிருந்து குறிபார்த்து எறியும் பிள்ளை எந்த ஊரிலும் கிடைப்பான்.

இப்போது மறுபடி சார்லட்டுக்குப் போகலாம். வர்ஜீனியாவின் பயிற்சியாளர் டோனி பென்னட். அவருடைய தந்தை டிக் பென்னட் வகுத்த தடுப்பாட்ட முறையைத்தான் அவரும் கற்பித்தார். ஐந்து பேரும் கூடைக்கு அருகே ஒரு கற்பனைக் கோட்டுக்குள் நெருங்கி நின்று, உள்ளே வர வழி விடாமல் அடைத்துவிடுவார்கள். எதிரணி 30 விநாடியும் தவித்து, கடைசியில் வெளியிலிருந்து எறிய வேண்டியிருக்கும். தங்கள் முறை வரும்போதும் வர்ஜீனியா அவசரப்படாது. சாதாரணமாக ஓர் ஆட்டத்தில் ஒவ்வோர் அணிக்கும் 70 முறை அளவுக்குப் பந்து கிடைக்கும் என்றால், வர்ஜீனியாவின் ஆட்டங்களில் அது 60 அளவுக்கு இறங்கிவிடும். இந்த நிதானம்தான் அவர்களை நாட்டிலேயே மிகக் குறைந்த புள்ளி விட்டுக்கொடுக்கும் அணியாக்கியது. சராசரியாக 54 புள்ளிக்கும் குறைவு. நாணயக் கணக்கை நினைத்துப் பாருங்கள். பலமான அணி ஒன்று, தானே விரும்பிக் குறைந்த முறை நாணயத்தைச் சுண்டிக்கொண்டிருந்தது. வெளியிலிருந்து எறியும் வழியையும் எதிராளிக்குத் திறந்து வைத்திருந்தது. இதனோடு, முக்கிய ஆட்டக்காரரான டியாண்ட்ரே ஹன்டர் மணிக்கட்டு எலும்பு முறிந்து ஆட முடியாமல் இருந்தார்.

இரண்டாம் பாதி தொடங்கியதும் யுஎம்பிசி எறிந்த பந்துகள் வரிசையாக விழத் தொடங்கின. லைல்ஸ் நேராகக் கூட்டத்துக்குள் புகுந்து போய்க் கூடையில் போட்டார். மறுமுறை வெளியே நின்று எறிந்தார். அவருக்கு அன்று 28 புள்ளி; அதில் 23 இரண்டாம் பாதியில். பந்தைக் கொண்டு வந்தவர் கே.ஜே. மௌரா. உயரம் 5 அடி 8 அங்குலம், எடை 64 கிலோகூட இல்லை. தன்னைவிட ஒரு தலை உயரமானவர்களுக்கு நடுவே அவர் பந்தைத் தட்டிக்கொண்டு ஓடியதைப் பார்த்தால், கூடைப்பந்து உயரமானவர்களுக்கு மட்டுமானது என்ற எண்ணம் போய்விடும். யுஎம்பிசி 24 மூன்று புள்ளி வீச்சுகளில் 12ஐப் போட்டது. வர்ஜீனியா 22 எறிந்து நான்கு. வித்தியாசம் பத்தாகி, பதினைந்தாகி, இருபதைத் தொட்டபோது வர்ஜீனியாவின் இன்னொரு பலவீனம் தெரிந்தது: நிதானமாக ஆடிப் பழகியவர்களுக்கு வேகமாகத் துரத்தத் தெரியவில்லை. ஓர் ஆட்டம் முழுவதும் 54 புள்ளிதான் தருவார்கள் என்று பெயர் வாங்கிய தடுப்பு, ஒரே பாதியில் 53 புள்ளியை விட்டது.

இரண்டு நாள் கழித்து யுஎம்பிசி கன்சாஸ் ஸ்டேட் அணியிடம் 50–43 என்று தோற்று வெளியேறியது. வீச்சுகள் அன்று விழவில்லை, அவ்வளவுதான். அந்த விதி அவர்களுக்கும் அதே விதிதான்.

இங்கே ஒரு திருத்தம் சொல்லியாக வேண்டும். 16ஆம் எண் 1ஆம் எண்ணை வென்றது வரலாற்றில் அதுவே முதல்முறை என்று அன்றிரவு பலர் சொன்னார்கள். அது ஆண்கள் போட்டிக்கு மட்டும் பொருந்தும். சரியாக இருபது ஆண்டு முன்பே, 1998 மார்ச்சில், ஹார்வர்டு பெண்கள் அணி ஸ்டான்ஃபோர்டை 71–67 என்று வென்றுவிட்டது. அந்தக் காலத்தில் பெண்கள் போட்டியில் பெரிய அணிகள் முதல் சுற்றைத் தங்கள் சொந்த அரங்கிலேயே ஆடும். ஆக, ஹார்வர்டு வென்றது ஸ்டான்ஃபோர்டின் மண்ணில். அலிசன் ஃபீஸ்டர் 35 புள்ளி எடுத்தார். பெண்களுக்கான தேசியப் போட்டியை என்சிஏஏ நடத்தத் தொடங்கியதே 1982இல்தான். ஆண்கள் போட்டிக்கு வழங்கிவந்த மார்ச் மேட்னஸ் (மார்ச் பித்து) என்ற பெயரை அதற்கும் பயன்படுத்த அனுமதித்தது 2022இல். முந்தைய ஆண்டு ஆண்கள் அணிகளுக்குப் பெரிய உடற்பயிற்சிக் கூடமும் பெண்கள் அணிகளுக்குச் சில எடைக்கட்டைகளும் கொடுத்திருந்ததை ஆட்டக்காரர் ஒருவர் வீடியோ எடுத்து வெளியிட்டு, நாடே கேள்வி கேட்ட பிறகு வந்த மாற்றம் அது. 2024இல் தென் கரோலினாவும் ஐயோவாவும் மோதிய பெண்கள் இறுதியாட்டத்தை அமெரிக்கத் தொலைக்காட்சியில் சராசரியாக 1.89 கோடிப் பேர் பார்த்தார்கள். அந்த ஆண்டு ஆண்கள் இறுதியாட்டத்தைப் பார்த்தவர்களைவிட இது அதிகம். கணக்குச் சொல்கிறவர்கள் ஹார்வர்டை மறப்பது எனக்கு ஒப்பவில்லை.

போட்டியோடு சேர்ந்த ஒரு பழக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். அட்டவணைக்கு அங்கே பிராக்கெட் என்று பெயர். அறிவிப்பு வந்த ஞாயிறு இரவிலிருந்து முதல் ஆட்டம் தொடங்கும்வரை, அலுவலகங்களிலும் வீடுகளிலும் கோடிக்கணக்கானோர் 63 ஆட்டங்களிலும் யார் வெல்வார் என்று முன்கூட்டியே நிரப்பி வைப்பார்கள். ஒபாமா அதிபராக இருந்தபோது ஆண்டுதோறும் தொலைக்காட்சிக்காக நிரப்பிக் காட்டுவார். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் இரண்டே முடிவு என்றாலும் 63 ஆட்டங்களுக்கும் சேர்த்துச் சுமார் 92,000 கோடி கோடி வழிகள் வருகின்றன. முழுதும் சரியாக நிரப்பியவர் என்று சரிபார்த்து உறுதிசெய்யப்பட்ட ஒருவரும் இதுவரை இல்லை. 2014இல் வாரன் பஃபெட்டின் துணையோடு ஒரு நிறுவனம் நூறு கோடி டாலர் பரிசு அறிவித்தது. யாரும் பக்கத்தில்கூட வரவில்லை. புதிதாகப் பார்க்கிறவர்களுக்கு நான் சொல்வது, ஒன்றை நிரப்பிப் பாருங்கள் என்பதுதான். பெயரே கேள்விப்படாத இரண்டு கல்லூரிகளின் ஆட்டத்தை மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்க அது ஒரு காரணம் கொடுக்கிறது. 5ஆம் எண்ணும் 12ஆம் எண்ணும் மோதும் நான்கு ஆட்டங்களை மட்டும் கவனமாகப் பாருங்கள். ஏறக்குறைய மூன்றில் ஒன்றில் 12தான் வெல்லும்.

2019இல் நடந்ததுதான் எனக்கு இந்தப் போட்டியிலேயே மிகப் பிடித்த பகுதி.

கைல் கை என்ற வர்ஜீனியா வீரர், யுஎம்பிசியிடம் தோற்ற இரவில் தான் குனிந்து நின்ற படத்தைத் தன் கைப்பேசித் திரையில் வைத்துக்கொண்டார். ஓராண்டு முழுவதும் எந்த ஊருக்கு ஆடப் போனாலும் எதிரணி ரசிகர்கள் யுஎம்பிசி என்று கத்தினார்கள். பென்னட் முறையை மாற்றவில்லை. அதே நெருக்கமான தடுப்பு, அதே நிதானம். பருவம் முடிந்தபோது வர்ஜீனியா மறுபடியும் தர எண் 1. முதல் சுற்றில் மறுபடியும் ஒரு 16: கார்ட்னர்-வெப். ஒரு கட்டத்தில் 14 புள்ளி பின்தங்கினார்கள். இடைவேளையில் 30–36. அரங்கில் இருந்த எல்லோருக்கும் ஒரே நினைவுதான் வந்திருக்கும். அன்று மீண்டு 71–56 என்று வென்றார்கள்.

எலீட் எய்ட்டில் பர்டியூ. அந்த அணியின் கார்சன் எட்வர்ட்ஸ் ஒருவரே 42 புள்ளி எடுத்தார். ஆறு விநாடிக்கும் குறைவாக இருக்கும்போது வர்ஜீனியா இரண்டு புள்ளி பின்னே. வர்ஜீனியா வீரர் டை ஜெரோமின் ஃப்ரீ த்ரோ வளையத்தில் பட்டுத் திரும்பியது. அதை அவருடைய அணித்தோழர் மமாடி டியாகிட்டே கையால் தட்டிவிட, பந்து மைதானத்தின் மறுபாதிக்கே ஓடிவிட்டது. கிஹேய் கிளார்க் என்ற முதலாண்டு மாணவர் துரத்திப் பிடித்தார். திரும்பிப் பார்த்து, பக்கத்தில் கைகாட்டிக்கொண்டிருந்தவரை விட்டுவிட்டு, தூரத்தில் நின்ற டியாகிட்டேவுக்கே நீளமாக எறிந்தார். டியாகிட்டே பிடித்த மூச்சில் எறிந்த பந்து பஸர் ஒலிக்கும்போது காற்றில் இருந்தது, கூடைக்குள் விழுந்தது. 70–70. கூடுதல் நேரத்தில் 80–75. கிளார்க் பக்கத்தில் இருந்தவருக்கே கொடுத்திருந்தால் நேரம் போதியிருக்காது.

மினியாபொலிஸில் ஃபைனல் ஃபோர். ஆபர்ன் அணி 62–60 என்று முன்னே. 0.6 விநாடி பாக்கி இருக்கும்போது மூன்று புள்ளிக்கு எறிந்த கைல் கைமீது ஃபவுல். மூன்று ஃப்ரீ த்ரோ. அதற்குச் சற்றுமுன் ஜெரோம் தட்டி வந்த பந்தைக் கையில் பிடித்துவிட்டு மறுபடியும் தட்டியதை, அது விதிமீறல் என்றாலும், நடுவர் கவனிக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆபர்ன்காரர்களின் மனக்குறை நியாயமானது. அமெரிக்கக் கால்பந்தாட்ட மைதானமாகப் பயன்படும் அந்தப் பேரரங்கில் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர். கோட்டில் நிற்பவர் ஒருவர் மட்டும். முதல் வீச்சு விழுந்தது. இரண்டாவது விழுந்தது, சமன். உடனே ஆபர்ன் டைம்-அவுட் கேட்டது, அவர் மனத்தைக் கலைக்க. திரும்பி வந்து மூன்றாவதையும் போட்டார். 63–62. போட்டுவிடுவேன் என்று தெரியும் எனப் பொய் சொல்லலாம், ஆனால் பயந்துபோயிருந்தேன் என்று பிறகு அவரே ஒப்புக்கொண்டார்.

ஏப்ரல் 8ஆம் தேதி இறுதியாட்டம், டெக்சஸ் டெக் அணியோடு. இரண்டு கல்லூரிகளும் அதுவரை இறுதிக்கு வந்ததே இல்லை. கடைசி அரை நிமிடத்துக்குள் வர்ஜீனியா 65–68 என்று பின்தங்கி நின்றபோது, ஜெரோம் உள்ளே புகுந்து போய் மூலையில் நின்றவருக்குப் பந்தைத் தள்ளினார். மூலையில் நின்றவர் டியாண்ட்ரே ஹன்டர், முந்தைய ஆண்டு மணிக்கட்டில் கட்டுப் போட்டுக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர். அவர் எறிந்த மூன்று புள்ளி ஆட்டத்தைச் சமனாக்கியது. அன்று அவருக்கு 27 புள்ளி. கூடுதல் நேரத்தில் கிடைத்த 12 ஃப்ரீ த்ரோக்களையும் வர்ஜீனியா போட்டது. 85–77. வென்ற அணி ஏணி வைத்து ஏறி, ஒவ்வொருவராகக் கூடையின் வலையைக் கத்தரித்து எடுத்துக்கொள்வது வழக்கம். வட கரோலினா ஸ்டேட் பயிற்சியாளர் எவரெட் கேஸ் 1947இல் தொடங்கி வைத்தது. கடைசியாக ஏறுபவர் பயிற்சியாளர்.

அதற்குப் பிறகு இந்தப் போட்டியில் நிறைய மாறிவிட்டது. தொற்றுநோயால் 2020இல் போட்டியே நடக்கவில்லை. 2021 ஜூலையிலிருந்து ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் விளம்பரங்களுக்குக் கொடுத்துச் சம்பாதிக்கலாம். அதுவரை ஒளிபரப்பு உரிமைக்காகப் பல நூறு கோடி டாலர் புரண்ட இந்த ஆட்டத்தில், ஆடுகிறவர்களுக்குக் கிடைத்தது பெரும்பாலும் படிப்புச் செலவு மட்டுமே. அது நியாயமற்றது என்றே நான் நினைத்துவந்தேன். இப்போது கல்லூரிகளே நேரடியாகப் பணம் தருகின்றன. ஆட்டக்காரர்கள் ஆண்டுதோறும் கல்லூரி மாறுவதும் எளிதாகிவிட்டது. சிறிய கல்லூரியில் மலர்ந்த வீரரைப் பெரிய கல்லூரி அடுத்த ஆண்டே அழைத்துக்கொண்டு போய்விடுகிறது. லைல்ஸையும் மௌராவையும் போன்ற இருவர் இன்று ஒரே சிறிய அணியில் இறுதியாண்டுவரை சேர்ந்திருப்பார்களா என்று எனக்கு ஐயம். 2025இல் நான்கு 1ஆம் எண் அணிகளும் அப்படியே ஃபைனல் ஃபோருக்கு வந்தன. அதற்குமுன் 2008இல் மட்டுமே அப்படி நடந்திருக்கிறது.

ஆனாலும் 2023இல், அந்த ஆண்டு முதல் பிரிவிலேயே உயரம் குறைந்த அணியாக இருந்த ஃபேர்லி டிக்கின்சன், 7 அடி 4 அங்குல சாக் ஈடி ஆடிய பர்டியூவை 63–58 என்று வென்றது. 1985 முதல் 2025 வரை ஆண்கள் போட்டியில் 1ஆம் எண்ணும் 16ஆம் எண்ணும் மோதிய 160 ஆட்டங்களில் 16 வென்றது அது இரண்டாவது முறை. பர்டியூ அடுத்த ஆண்டே இறுதியாட்டம் வரை வந்து, யூகான் அணியிடம் தோற்றது.

டோனி பென்னட் 2024 அக்டோபரில், பருவம் தொடங்கச் சில வாரங்களே இருக்கும்போது ஓய்வை அறிவித்தார். மாறிவிட்ட இந்தச் சூழலுக்குத் தான் ஏற்ற ஆள் இல்லை என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டு இறங்கினார். 2025 மார்ச்சில் வர்ஜீனியா புதிய பயிற்சியாளரை நியமித்தது. அவர் பெயர் ரையன் ஓடம். அவருடைய தந்தை டேவ் ஓடம் 1980களில் வர்ஜீனியாவின் துணைப் பயிற்சியாளர். சிறுவனாக இருந்த ரையன் அந்த அணிக்குப் பந்து எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவர். 2018 மார்ச் 16 இரவு சார்லட்டில் யுஎம்பிசி பெஞ்சில் பயிற்சியாளராக நின்றவரும் அவர்தான்.